சங்கு ஊதாத பகல்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடும். சாயாமல் உட்காருங்கள். நான் நகராட்சித் தலைவராக இருந்தபோது வாங்கிப் போட்டவை இவை. வந்து இறங்கிய முதல் கூட்டத்திலேயே ஓர் உறுப்பினர் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே மல்லாக்க விழுந்தார். எதிர்க்கட்சிக்காரர் என்பதால் நாங்கள் யாரும் அவசரப்பட்டுத் தூக்கவில்லை.

ஏரிப் பொறியாளர் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அவரை இனிமேல் அலைக்கழிக்க வேண்டாம். அவருக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் வக்கீல் தடுத்தும் வந்தேன். உங்கள் விசாரணைக் கமிஷனின் இடைக்கால அறிக்கையைப் படித்தேன். என் அக்காவைப் பற்றி அதில் ஒரு பத்தி இருக்கிறது. வெள்ளத்தன்று வீட்டைவிட்டுக் கிளம்பியவர்களை அவள்தான் தன் ஊகத்தில் தடுத்து உள்ளே அனுப்பினாள், அதனால்தான் சாவு இவ்வளவு கூடியது என்று எழுதியிருக்கிறீர்கள். போன வாரம் காய்கறிச் சந்தைச் சுவரில் ஒட்டியிருந்த அக்காவின் படத்தை ஒரு பெண் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தாள். நான் வண்டிக்குள் இருந்து பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. அடிக்கட்டும். ஆனால் அடிக்க வேண்டிய படம் அது இல்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அப்பா அம்மா போனபிறகு அக்காதான் என்னை ஆளாக்கினாள். ஜன்னல் ஓரம் ஒரு தையல் மிஷின், அதற்குப் பக்கத்தில் என் பாய். அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்கப் பழகினேன். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஒருத்தனை வளர்த்ததே போதும்டா சாமி" என்பாள். நான் பம்பு செட் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மோட்டார், வயர், வால்வு, இவைதான் என் படிப்பு.

எங்கள் தெரு வாய்க்கால் அடைத்துக்கொண்டு சாக்கடை வீட்டுக்குள் ஏறிய ஒரு மழைக்காலத்தில், மனுக் கொடுத்துப் பார்த்து, கத்திப் பார்த்து, கடைசியில் நானே கடப்பாரையோடு இறங்கினேன். உள்ளேயிருந்து ஒரு முழு மெத்தை வந்தது. பின்னாலேயே தலையணையும் வந்தபோது தெருவே சிரித்தது. யாரோ குடித்தனமே நடத்தியிருக்கிறான் என்றார்கள். அன்றிலிருந்து எனக்கு 'வாய்க்கால்' என்று பெயர். பிறகு மந்திரியான பின்னும் முதுகுக்குப் பின்னால் அதே பெயர்தான். எனக்கு அதில் வருத்தமில்லை.

தேர்தலில் நில் என்று சொன்னது அக்கா. வார்டு முழுக்க நடந்தது அவள். ஓட்டுக் கேட்கமாட்டாள். வீட்டுக்குள் போவாள், உட்காருவாள், அந்த வீட்டுப் பிள்ளையின் கிழிந்த பாவாடையை வாங்கிப் பேசிக்கொண்டே தைத்துக் கொடுப்பாள். எழுந்திருக்கும்போது ஒரே ஒரு வாக்கியம்: "என் தம்பி சொன்னா செய்வான்." கதவுக்குக் கதவு அதையே சொன்னாள். நானும் செய்தேன். குழாய் வந்தது, விளக்கு வந்தது, வாய்க்காலுக்கு மூடி வந்தது. மக்கள் என்னை நம்பினார்கள் என்பதைவிட, அவளை நம்பினார்கள், அவள் என்னை நம்பினாள் என்று சொல்வதுதான் சரி.

நகராட்சித் தலைவரான பிறகு பெரிய கால்வாயின் கரையில் இருந்த குடிசைகளை எடுக்க வேண்டி வந்தது. அவர்களுக்கு மாற்று இடம் வேண்டும். அரசு நிலம் என்று இருந்தது ஏரிக்குக் கீழே இருந்த பள்ளம் ஒன்றுதான். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் போகும் வழி அது. அது எனக்குத் தெரியும். பம்பு ரிப்பேர்காரனுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாமல் இருக்குமா? ஆனால் ஏரி நிரம்பியே வெகுகாலம் ஆகியிருந்தது. மதகுகளின் பற்சக்கரங்களில் குருவி கூடு கட்டியிருந்தது. மண் அடித்து மேடாக்கி, மனை பிரித்து, ஆளுக்கொரு சின்னக் கான்கிரீட் வீடு கட்டிக் கொடுத்தோம். புதுமனை என்று பெயர் வைத்தோம்.

வீடு தயார், ஆனால் யாரும் குடிபோகவில்லை. கிழவர்கள் அது தண்ணிப் பாதை என்று சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அக்கா தையல் மிஷினைத் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் முதல் தெருவில் முதல் வீட்டில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். அவளை நான் போகச் சொன்னேனா என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வந்ததில்லை.

புதுமனைதான் என்னைச் சட்டசபைக்கு அனுப்பியது. குடிசையையும் வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அச்சடித்த படம் தொகுதி முழுக்கச் சுவரில் இருந்தது. எதிர்க்கட்சி அதைத் தண்ணிப் பாதை என்று மேடையில் பேசியது. வழக்குப் போட்டு மன்னிப்புக் கேட்க வைத்தேன். இரண்டாவது முறை ஜெயித்ததும் துணை அமைச்சராக்கினார்கள். வீட்டு வாசலில் சிவப்பு விளக்கு வண்டி, வராந்தா நிறைய நாற்காலி, காலையில் பல் துலக்குவதற்குள் நாலு சிபாரிசு.

பிறகு மந்திரிசபையை மாற்றினார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தபோது டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன், என் பெயர் இல்லை என்று.

அந்த ஒரு வருஷத்தைச் சொல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. முதல் வாரம் துக்கம் விசாரிக்க வருவதுபோல் வந்தார்கள். அடுத்த வாரம் நாற்காலிகள் காலி. டிரைவர் அவன் மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்று போனான். புது மந்திரியின் வண்டியை ஓட்டிக்கொண்டு என் வீட்டைக் கடந்து போனான். போன் அடிக்கவில்லை. பழுதாகிவிட்டதோ என்று என் கைபேசியிலிருந்து என் வீட்டு எண்ணுக்கு நானே அடித்துப் பார்ப்பேன். அடிக்கும். எடுத்து, ஹலோ என்று நானே சொல்லிவிட்டு வைப்பேன். என் மனைவி ஒருநாள் சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கல்யாண வீடுகளில் என்னை மூன்றாம் வரிசையில் உட்காரவைத்தார்கள். சட்டசபை உறுப்பினராகத்தான் இருந்தேன், அதுவும் அடுத்த தேர்தலோடு போய்விடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். கல்லூரி முதலாளி ஒருவர் என் தொகுதிக்குத் துண்டு போட்டிருந்தார். அவரிடம் எல்லாம் இருந்தது. என்னிடம் புதுமனை மட்டும்தான் இருந்தது.

மூச்சு முட்டும் என்பார்களே, அது வெறும் பேச்சு இல்லை. எனக்கு நெஞ்சுக்குள் யாரோ வால்வைத் திருகியதுபோல் இருக்கும். திரும்ப அந்த வாசலில் ஆள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கட்சித் தலைவர் எங்கள் ஊருக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார். புதுமனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கேயே மேடையில் வேட்பாளரை அறிவிப்பதாக ஏற்பாடு. வேறு ஊரில் அறிவிக்கலாம், புதுமனையில் அறிவிக்கிறார் என்றால் அது நான்தான். கல்லூரி முதலாளியே போன் செய்து வாழ்த்திவிட்டார்.

அந்த வாரம்தான் மழை பிடித்துக்கொண்டது. பழைய ஆட்களே பார்க்காத மழை. மேலே காட்டில் பெய்தது எல்லாம் ஏரிக்கு வந்தது. தலைவர் வரவேண்டிய அன்று காலையில் மழை கொஞ்சம் விட்டிருந்தது. நான் இந்த நகராட்சிக் கட்டடத்தில்தான் இருந்தேன், கீழே நகராட்சித் தலைவர் அறையில். பொறியாளர் ஏரிக்கரையிலிருந்து நனைந்த கோழிபோல வந்து நின்றார். மதகைத் திறக்காவிட்டால் மாலைக்குள் கரை உடையும், உடைந்தால் ஊரே போய்விடும் என்றார். அது உண்மை. திறப்பதில் தப்பே இல்லை, அதை உங்கள் அறிக்கையும் சொல்கிறது. திறப்பதற்கு முன்னால் சங்கு ஊத வேண்டும். நீண்டு மூன்று முறை. கேட்டால் பள்ளத்தில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. அந்தச் சங்கு இந்தக் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருக்கிறது. பொத்தான் கீழே எழுத்தர் அறையில்.

தலைவரின் வண்டி பாதி வழியில் இருந்தது. புதுமனைக்கு ஒரே ரோடு. சங்கு ஊதினால் அந்த ரோடு முழுக்கச் சட்டிபானையும் கட்டிலும் பிள்ளைகளுமாக ஜனம் ஓடிவரும், எதிரே தலைவரின் வண்டி வரும். புதுமனை தண்ணிப் பாதை என்று நானே ஊதிச் சொன்னதாகிவிடும்.

"மதகைத் திறங்க. சங்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

பொறியாளர் தரையைப் பார்த்துக்கொண்டே, "ஜனங்க இருக்காங்க சார்" என்றார். அவருடைய தாயார் படுத்த படுக்கையாக இருந்தபோது வீட்டுக்குப் பக்கத்தில் மாற்றல் வாங்கிக் கொடுத்தவன் நான். அதை நான் ஞாபகப்படுத்தவில்லை. கொஞ்சமாகத் திறங்கள், கணுக்கால் தண்ணிதான் வரும், தலைவர் கிளம்பியதும் ஊதிவிடலாம் என்றுதான் சொன்னேன். அவர் போனார். கொஞ்சமாகத் திறந்தார். ஏரி கேட்கவில்லை. பிறகு எல்லா மதகையும் முழுக்கத் திறக்க வேண்டியதாயிற்று. போனில் சொன்னார். சரி என்றேன். இதுவரை அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அவருக்குத் தெரியாதது இனிமேல்தான்.

அவர் போனை வைத்த கொஞ்ச நேரத்தில் அக்கா அழைத்தாள். அவள் எனக்குத் தானாக அழைப்பதே அபூர்வம். வேலையாக இருப்பான் என்று விட்டுவிடுவாள்.

"தம்பி, சாப்பிட்டியா?" என்றாள் முதலில். சாப்பிட்டேன் என்றேன். "வாய்க்கால்ல தண்ணி எதிர்த்து வருதுடா. வாசப்படி வரைக்கும் வந்துருச்சு. தெருவுல பாதிப் பேரு மூட்டை கட்டிட்டாங்க. மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிரலாமான்னு எங்கிட்ட வந்து கேக்குறாங்க. நீ என்ன சொல்றியோ அதச் சொல்லிடுறேன்."

பின்னால் பெண்களின் குரல் கேட்டது. ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, இருங்க, பேசிட்டுத்தானே இருக்கேன் என்று யாரையோ அதட்டினாள்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலைவரை வரவேற்க வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியில் ஒருவன் நின்று என் பெயரை நேராக்கிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்லக்கா. மழைத் தண்ணிதான். வடிஞ்சிரும். எல்லாரையும் வீட்டுக்குள்ளயே இருக்கச் சொல்லு. தலைவர் வர்ற நேரம், ரோட்டுல யாரும் நிக்க வேணாம்" என்றேன்.

"அவ்வளவுதானே. நான் சொல்லிக்கிறேன் போ" என்றாள்.

அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி. சொல்லிவிட்டாள் என்பது உங்களிடம் சாட்சி சொன்னவர்கள் மூலம் உங்களுக்கே தெரியும். முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கதவுக்குக் கதவு போயிருக்கிறாள். "தம்பி சொல்லிட்டான், உள்ள போங்க." மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தவர்களையும் கூப்பிட்டுத் திருப்பியிருக்கிறாள். அதைத்தான் நீங்கள் அவளுடைய ஊகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் எதையும் ஊகிக்கவில்லை. கேட்டாள். நான் சொன்னேன்.

அவளை மட்டுமாவது வெளியே வரச் சொல்லியிருக்கலாமே என்று உங்கள் முகத்தில் தெரிகிறது. யோசித்தேன். அவள் மிஷினை விட்டுவிட்டு வாசல் இறங்கினால் தெருவே பின்னால் இறங்கிவிடும். அவளை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்க முடியாது. அவள் அப்படிப்பட்டவள்.

அடுத்ததாகத் தலைவரின் உதவியாளர் அழைத்தார். வழியில் பாலம் மூழ்கிவிட்டது, தலைவர் திரும்பிவிட்டார், அறிவிப்பு வேறொரு நாளில் என்றார். சரிங்க என்றேன். போனை வைத்தேன். வெளியே வளைவில் என் பெயர் நேராக இருந்தது.

உடனே பொறியாளர் அழைத்தார். யாரோ அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். "இனிமே ஊதிடலாம்ல சார்?" அழுதுவிடுவார் போல் இருந்தது. எழுத்தரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் சொன்னார். எழுத்தர் பொத்தானை அழுத்தினார். சங்கு ஊதவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தியும் ஊதவில்லை. பராமரிப்பு இல்லாமல் பழுதாகிக் கிடந்தது என்று அறிக்கையில் போட்டிருக்கிறீர்கள்.

பழுது இல்லை. நல்ல சங்கு. எழுத்தருக்குப் பொறியாளரின் போன் போவதற்குள் நான் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டேன். ஏறும்போது, ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அங்கிருந்து புதுமனை தெரியும். காபித் தண்ணீர் மாதிரி ஒரே பரப்பு. ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை, மாடி என்று எந்த வீட்டுக்கும் இல்லை. எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். அக்கா வேலையை நன்றாகச் செய்திருந்தாள்.

அந்த நேரத்தில் சங்கு ஊதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஏன் இப்போது ஊதுகிறார்கள், ஏன் முன்னாலேயே ஊதவில்லை என்று ஊர் கேட்கும். ஊதவே இல்லை என்றால் சங்கு கெட்டுப்போயிருந்தது என்று போய்விடும். கெட்டுப்போன சங்குக்காக யாரும் பதவியை இழப்பதில்லை. பெட்டியைத் திறந்து, வயரை முனையிலிருந்து கழற்றி, பின்னால் மடித்து விட்டேன். ஈரமாக இருந்தது, கையில் லேசாக அடித்தது. மோட்டார்காரனுக்கு அதெல்லாம் பழக்கம். கீழே எழுத்தர் அழுத்துவதற்குள் முடிந்துவிட்டது.

இறங்கி வந்து படகு ஏற்பாடு செய்யச் சொன்னேன். முதல் படகில் நானே போனேன். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று குழந்தைகளைத் தூக்கிக் கொடுத்தேன். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அது நடிப்பு இல்லை. அன்று அங்கே என்னளவுக்கு யாரும் உழைக்கவில்லை. அக்காவை அவள் வீட்டில் காணவில்லை. கடைசித் தெருவில், யாரோ ஒருவரின் வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் இருந்தாள். அதுவரை போய்ச் சொல்லியிருக்கிறாள்.

தலைவர் துக்கத்துக்கு நேரில் வந்தார். என் தோளில் கை வைத்து, சொந்த அக்காவையே பறிகொடுத்தவன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கல்லூரி முதலாளி அங்கேயே ஒதுங்கிக்கொண்டார். தேர்தல் சுவரொட்டியில் என் படத்துக்கு மேலே அக்காவின் படத்தைப் போட்டார்கள். நான் வேண்டாம் என்று சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். இதுவரை வாங்காத வித்தியாசத்தில் ஜெயித்தேன். நீர்வளத் துறையை நான் கேட்கவில்லை, அவர்களாகக் கொடுத்தார்கள். வராந்தாவில் நாற்காலி போதாமல் வெளியே பெஞ்சு போட வேண்டியிருந்தது. போன் ஓயவில்லை. என் மனைவி மட்டும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மாதம் பொறியாளர் வந்து உங்களிடம் வாயைத் திறந்ததும் ராஜினாமா கொடுத்தேன். வக்கீல் சொல்கிறார், சங்கு பழுது என்பது அறிக்கையில் ஏறிவிட்டது, அக்காவின் ஊகம் என்பதும் ஏறிவிட்டது, மிஞ்சினால் நிர்வாகக் கவனக்குறைவு, தப்பித்துவிடலாம் என்று. தப்பித்துவிடலாம்தான். ஆனால் அந்தச் செருப்படி காதிலேயே இருக்கிறது. மொட்டைமாடிப் பெட்டியைத் திறந்து பாருங்கள், வயர் நான் மடித்த மடிப்பிலேயே இருக்கும். போன் பேசியதற்கு நிறுவனத்தில் பதிவு இருக்கும். இரண்டும் என்னுடையவை. அக்கா எந்தத் தப்பும் செய்யவில்லை என்று அந்தப் பத்தியைத் திருத்திவிடுங்கள். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

கடைசியாக நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கூடப்பிறந்தவளிடம், வளர்த்தவளிடம் எப்படிப் பொய் சொல்ல வாய் வந்தது என்றீர்கள். நீங்கள் தவறாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தண்ணி வடிஞ்சிரும் என்றுதான் சொன்னேன். வடிந்துதானே விட்டது? அக்காவிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.